கருமலை இறக்கம்

ஆகஸ்ட் 28, 2023, திங்கள்

146/92.

தினமும் காலையில் ரத்த அழுத்தத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெறும் எண்ணை எழுதுவது என்னால் ஆகாத காரியம். எந்தச் சூழ்நிலையில் எடுத்தது என்று எழுதாத அளவு அளவே இல்லை என்று முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன். அதனால் சூழ்நிலையும் இருக்கும். டாக்டர் படிக்க வேண்டாம், எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

சூழ்நிலை: வத்சலாவின் காபி. ஓய்வு பெற இன்னும் முப்பத்துமூன்று நாள். இரண்டு வீட்டுச் சாமான்களை ஒரு லாரியில் ஏற்ற முடியுமா என்று என் மனைவிக்குக் கவலை. நாங்கள் ஒரு வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் என் பழைய அச்சுக் காகிதங்களை அவள் தனி வீடாகவே கணக்கு வைத்திருக்கிறாள்.

கருமலை வளிமண்டல ஆய்வு நிலையம் உடுமலையிலிருந்து அரை மணி நேரம். எங்கள் ரேடார் விமானத்தைப் பார்க்காது, காற்றைப் பார்க்கும். பொட்டல் நிலத்தில் நானூறு ஆன்டெனாக்கள், அந்தக் காலத்து மொட்டைமாடி டிவி ஆன்டெனா மாதிரி, எல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அலையை ஒரு முறை நேர் உச்சிக்கு அனுப்புவோம், ஒரு முறை மேற்கே கொஞ்சம் சாய்த்து, ஒரு முறை வடக்கே கொஞ்சம் சாய்த்து. காற்றில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து அது எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணக்கிடுவோம்.

1993-இல் இதைக் கட்டியபோது எனக்கு முப்பது வயது. அந்தச் செப்டம்பரிலேயே பெரிய மீன் மாட்டியது. மலையைத் தாண்டி வரும் மேற்குக் காற்று எங்கள் தலைக்கு நேரே, மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கணக்கில் கீழே இறங்குகிறது. விநாடிக்கு அரை மீட்டர். இறங்கும் காற்றில் மேகம் தங்காது. மலைக்கு இந்தப் பக்கம் மழை ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் செய்கிறது என்பதற்கு அதுதான் பதில் என்று எழுதினோம். ‘கருமலை இறக்கம்’ என்று பெயர் வைத்தது நான். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி வந்திருக்கிறது. அப்புறம் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு, மாநாடு, மரியாதை எல்லாமே அந்த ஒரு பத்தியின் வழியாக வந்தவைதான்.

ஆகஸ்ட் 31

144/90. மோர் குடித்த பிறகு.

பக்கத்து நிலத்தில் புது ரேடார் எழுந்துவிட்டது. கட்டியவள் ரெஜினா. தூத்துக்குடிக்காரி, முப்பத்தாறு வயது, ஏழு வருடமாக ஒப்பந்த வேலை. அதில் கேபிள் மாற்றும் வேலையே இல்லை. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் சொன்னால் போதும். இன்னும் மூன்று வாரம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடி, இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சொன்னால் பழையதைப் பிரித்து எடைக்குப் போடலாம்.

மதியம் ரெஜினா வந்தாள்.

“சார், மேக்குக் காத்து ரெண்டுலயும் ஒண்ணு போலதான் இருக்கு. வடக்கும் சரி. ஆனா இறக்கம் மட்டும் எங்க ரேடார்ல வரல.”

“கொஞ்சமா வருதா?”

“வரவே இல்ல சார். சைபரைச் சுத்திச் சுத்தி நிக்கி. நாலு நாளா பாக்கேன்.”

கருவியைச் சரிபார்க்கச் சொன்னேன். புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். முப்பது வருடம் தினமும் வந்த இறக்கம் இவளுக்காக லீவு போடாது.

செப்டம்பர் 1

151/95. கருவி சரியில்லை. பேட்டரி மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 5

149/95. புது பேட்டரி.

இயக்குநர் கூப்பிட்டார். ஏற்புக் குழு 22-ஆம் தேதி கூடுகிறது. வெளியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். “கருமலை இறக்கத்தையே காட்டாத ரேடாரை கருமலையில வச்சு என்ன சார் பண்றது?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மீதியையும் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் புதியது தோல்வி. திட்டத்தை மூடிவிடுவார்கள். ரெஜினாவின் ஒப்பந்தம் அதோடு முடியும். ஒத்துப்போனால் நிரந்தர வேலை. குழுவில் என் வார்த்தைக்குத்தான் எடை, ஏனென்றால் இறக்கத்தைக் கண்டுபிடித்தவன் நான்.

வெளியே வந்தபோது ரெஜினா புது ரேடாரின் நடுவில் குனிந்து நின்று எதையோ திருகிக்கொண்டிருந்தாள். இரண்டு மயில்கள் அவளுக்கு அருகில் பயமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் அங்கே அத்தனை நேரம் இருக்கிறாள் என்று அர்த்தம்.

செப்டம்பர் 8

153/96.

ரெஜினாவுக்குப் பழைய புரோகிராமைக் கொடுத்தது தப்பாகப் போயிற்று. ஒரு வரி விடாமல் படிக்கிறாள்.

“சார், மேக்குக் காத்துக் கணக்குக்கு முன்னால ஒரு மைனஸ் இருக்கு. அது ஏன்னு புரியல.”

“பக்கத்துல எழுதியிருக்கே. பலூனோட ஒத்துப்போறதுக்கு.”

நடந்தது இதுதான். 1993-இல் முதல் வாரம் பலூன் விட்டுப் பார்த்தோம். பலூன் காற்று மேற்கிலிருந்து வருகிறது என்றது, ரேடார் கிழக்கிலிருந்து என்றது. வேகம் அச்சு அசலாக ஒன்று, திசை மட்டும் நேர் எதிர். இப்படியெல்லாம் நடப்பதுதான். எங்காவது ஒரு குறி புரண்டிருக்கும். நாங்கள் ஒரு மைனஸ் போட்டோம், சரியாகிவிட்டது.

“மைனஸ் போட்டா ஒத்துப்போகுது சார். ஆனா ஏன் போடணும்? கணக்குப்படி அது வேண்டியதில்லயே.”

“முப்பது வருஷமா யாரும் இதைக் கேக்கலம்மா.”

“அதான் சார் நான் கேக்கேன்.”

வாய் நீளம். நல்ல விஞ்ஞானிக்கு அது வேண்டும்தான். என்னிடம் வேண்டாம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

150/94.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. தண்ணீர்த் தொட்டி கழுவினேன். வத்சலா ஒன்பது பெட்டி காகிதத்தை வராந்தாவில் அடுக்கி, “இதுல எது ரெண்டு தடவை படிச்சதுன்னு சொல்லுங்க, அதை மட்டும் ஏத்தலாம்” என்றாள். ஒன்றும் தேறாது போலிருக்கிறது.

கலியமூர்த்தியிடமிருந்து புதுமனை புகுவிழா அழைப்பிதழ். பழைய ரேடாருக்குக் கேபிள் போட்டவர். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள். இங்கே இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போனார். நல்ல மஞ்சள் கார்டு. கீழே வீட்டு விலாசம்: மேலத் தெரு.

படித்துவிட்டு மறுபடியும் தொட்டியைக் கழுவினேன். ஏற்கனவே கழுவியாயிற்று என்று வத்சலா சொன்னாள்.

செப்டம்பர் 11

161/99. கருவி சுத்தமாகப் போச்சு.

செப்டம்பர் 13

158/97.

எழுதிவிடுகிறேன். எண்ணின் சூழ்நிலை தெரிய வேண்டும் என்று சொன்னவன் நான்தானே.

டெல்டாவில் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. தண்ணீர் வைத்த தட்டு போல இருக்கும் அந்த ஊரில் ஒரு தெருவுக்கு மேலத் தெரு என்று பெயர் என்றால் அது உயரத்தில் இருக்கும் தெரு அல்ல. மேற்கே இருக்கும் தெரு. கீழத் தெரு கிழக்கே இருக்கும் தெரு. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இது தெரியும். நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்கு மேலே என்றால் மாடி.

காலையில் தனியாகக் கேபிள் அறைக்குப் போனேன். ஆன்டெனாக்களிலிருந்து மூன்று கேபிள்கள் அங்கே வந்து முடிகின்றன: உச்சிக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று. 93-இல் நாங்கள் ஒட்டிய இங்கிலீஷ் காகிதச் சீட்டுகள் முதல் மழையிலேயே கரைந்துவிட்டன. அதனால் கலியமூர்த்தி டால்டா டின்னை வெட்டி, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, இரண்டு தகரச் சீட்டு கட்டினார். ஒன்றில் ‘மேல்’. ஒன்றில் ‘வட’. மூன்றாவது கேபிளில் சீட்டு இல்லை.

நான் ‘மேல்’ என்பதை உச்சி என்று எடுத்துக்கொண்டு மாட்டினேன். ‘வட’ வடக்கு. சீட்டு இல்லாதது மிச்சமிருந்த மேற்கு.

அவர் கணக்கு வேறு. சாய்கிற இரண்டுக்கும் எந்தப் பக்கம் என்று எழுதினார். நேராக நிற்பதற்குப் பக்கம் ஏது? அதற்குச் சீட்டு எதற்கு?

சோதித்துப் பார்ப்பது கஷ்டமே இல்லை. அலையைச் சாய்க்க வேண்டுமென்றால் ஒரு ஓரத்து ஆன்டெனாக்களுக்கு அது கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர வேண்டும். அதற்காகக் கேபிளின் நீளத்தைக் கூட்டிச் சுருட்டி வைத்திருப்போம். நேர் உச்சிக்குப் போவதில் சுருளே இருக்காது. ‘மேல்’ கேபிளைக் கையால் தடவிக்கொண்டே வெளியே நடந்தேன். முதல் இணைப்புப் பெட்டியிலேயே சுருள். அடுத்ததிலும். சீட்டு இல்லாத கேபிளில் ஒரு சுருள்கூட இல்லை.

ஆக, முப்பது வருடமாக நான் உச்சி என்று நினைத்துப் பார்த்தது மேற்கு. மேற்கிலிருந்து நம்மை நோக்கி வருகிற காற்றைப் பார்த்து, இறங்கி வருகிறது என்று எழுதினேன். இரண்டும் இடம் மாறியதால்தான் திசை தலைகீழாக வந்தது. அதைத்தான் மைனஸ் போட்டு மூடினோம்.

கருமலை இறக்கம் என்று ஒன்று இல்லை.

செப்டம்பர் 14

160/98.

இரவு முழுக்க நினைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பதினாறு நாள்தான். பேசாமல் போய்விடலாம். யாராவது எப்போதாவது கண்டுபிடிப்பார்கள், அப்போது நான் பெரம்பூரில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

மதியம் ரெஜினா டிபன் பாக்ஸைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“சார், ஒரு வழி இருக்கு. எங்க அளவுல ஒரு திருத்தம் போட்டா இறக்கம் வந்துரும். ரெண்டும் ஒத்துப்போகும். இயக்குநர் சார்கிட்ட சொன்னேன், போடுன்னுட்டாரு.”

“எதுக்குன்னு என்ன எழுதுவே?”

“பழைய ரேடாரோட பொருந்துறதுக்குன்னு.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்பாவுக்கு டயாலிசிஸ் போயிட்டிருக்கு சார். இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன செய்ய? நீங்க சொல்லுங்க, போடட்டுமா?”

எட்டாம் தேதி அந்த மைனஸைக் குற்றவாளியைப் போலப் பிடித்து வந்தவள். இப்போது தானே ஒன்று போட அனுமதி கேட்கிறாள், அதுவும் என்னிடம்.

“போடாதம்மா” என்றேன்.

“அப்ப எங்க ரேடார் தப்புன்னுதானே ஆகும்?”

“உன் ரேடார் சரி. சாப்பிட்டுட்டு வா. உனக்கு ஒண்ணு காட்டணும்.”

அவள் சாப்பிடவில்லை, உடனே வந்தாள். கேபிள் அறையில் தகரச் சீட்டைக் கையில் கொடுத்தேன். இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

“மேல்னு போட்டிருக்கு. மேக்கு. சரி, இதுக்கென்ன?” என்றாள்.

இரண்டு விநாடிகூட ஆகவில்லை அவளுக்கு.

செப்டம்பர் 18, விநாயகர் சதுர்த்தி

154/95. கொழுக்கட்டை நான்கு.

குழுவுக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பை எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு நன்றாகவே வந்தது. ‘நிறுவும் பணியின்போது களப்பணியாளரால் ஏற்பட்ட லேபிள் பிழை காரணமாக…’ படிக்க வழவழவென்று இருந்தது. யார் மனமும் நோகாது. கலியமூர்த்திக்கு இங்கிலீஷ் குறிப்பு எங்கே போய்ச் சேரப் போகிறது?

விழாவுக்குப் போக முடியவில்லை என்று சொல்வதற்காக அவருக்குப் போன் போட்டேன். அதற்காகத்தான் போட்டேன்.

“சாரா! எப்புடி இருக்கீங்க? வருவீங்கன்னு நெனச்சேன். அடுப்படிய மட்டும் கெழக்கால வச்சிட்டு மத்ததெல்லாம் மேக்கால தள்ளிட்டேன்.”

வீட்டைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். அப்புறம் கேட்டேன், பழைய தகரச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா என்று.

“இல்லாம? ஆணி குத்தி வெரலுல்ல போச்சு.”

“‘மேல்’னு எழுதினீங்களே…”

“ஆமா, மேக்கால சாயுற கேபிளு. நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார். மாட்டுறப்ப, ‘சார், மேல் கேபிளு அந்தாண்டயில்ல போவணும்’னேன். நீங்க, ‘மேல் மேலதாம்பா போவும், வேற எங்க போவும்’னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, படிச்சவங்க, தெரியாமலா இருக்கும்னு நானும் சிரிச்சிட்டுப் போயிட்டேன்.”

இது எனக்கு மறந்துபோயிருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நகைச்சுவையாகப் பேசிவிட்டோம் என்று அன்று எனக்கு ஒரு பெருமை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மைனஸை ‘நாங்கள்’ போடவில்லை. நான் போட்டேன். 2006-இல் வெளியூர்க்காரர் ஒருவர் இறக்கத்தின் வேகம் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே என்று கடிதம் எழுதினார். அன்று கேபிள் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே பாம்பு இருக்கும் என்று திரும்பிவிட்டேன். பாம்பு இருக்கிறதா என்று யாரையும் அனுப்பிப் பார்க்கச் சொல்லவுமில்லை.

வரைவைக் கிழித்தேன். என்ன கிழிக்கிறீர்கள் என்று வத்சலா கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். அவள் வராந்தாவில் அடுக்கியிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அப்ப ஒன்பது பெட்டியையும் எடைக்குப் போட்டுடலாமா?” என்றாள். நான் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரோடு. அவளும்தான்.

செப்டம்பர் 22

அளக்க நேரமில்லை.

குழுவில் ஏழு பேர். நான் தகரச் சீட்டை மேஜை மேல் வைத்து ஆரம்பித்தேன். இருபது நிமிடம். இறக்கம் இல்லை என்று சொன்ன இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. முப்பது வருடம் வளர்த்த பிள்ளையை இல்லை என்று சொல்வது சுலபமாக இல்லை. வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் தன் பாடப்புத்தகத்தில் அந்தப் பத்தியை எழுதியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புது ரேடார் ஏற்கப்பட்டது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இயக்குநருக்கு மனிதர்களைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு நல்ல குணம். குறிப்பேட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: “களப்பணியாளரின் லேபிள் பிழைன்னு பதிஞ்சுடலாம் சார். அவரு ரிட்டயராகி எட்டு வருஷமாச்சு. ஒருத்தருக்கும் கஷ்டமில்ல. உங்க பேரும் கெடாது.”

என் வரைவில் இருந்த அதே சொற்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் அதே வாக்கியம் வருகிறது.

“லேபிள்ல பிழையே இல்ல சார்” என்றேன். “எழுதினவர் சரியாத்தான் எழுதினார். படிச்சவன்தான் தப்பு.”

“படிச்சவன்னா…”

“நான். பேரோட பதியுங்க.”

ரெஜினா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் அவள் பேனா அந்த வரியை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

செப்டம்பர் 29

138/88.

பிரிவு விழா. மாலை, சால்வை, கைக்கடிகாரம். பேசியவர்கள் எல்லோரும் இறக்கம் என்ற சொல்லை ஜாக்கிரதையாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும், ‘ஏற்ற இறக்கம் நிறைந்த வாழ்வு’ என்று தயாரித்து வந்ததைத் தடுமாறிப் படித்துவிட்டு வியர்த்துப் போனார். பாவம்.

விழா முடிந்ததும் ரெஜினாவின் அறையில் உட்கார்ந்து பழைய புரோகிராமைத் திறந்தோம். இரண்டு பெயர்களை இடம் மாற்றினாள். “மைனஸை நீங்க எடுங்க சார்” என்றாள். எடுத்தேன். ஒரே ஒரு எழுத்து.

முப்பது வருடம் மேற்கு என்ற பெயரில் கிடந்தது உண்மையான உச்சி. அதைத் திரையில் ஓட்டினாள். காற்று ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மிகச் சின்ன அசைவுகள், அவ்வளவுதான்.

“முப்பது வருச நேர் உச்சி சார். யார்ட்டயும் கிடையாது. ஒருத்தரும் இன்னும் படிச்சதுகூட இல்ல” என்றாள்.

“நீ படி. சத்தம் போட்டுப் படி, பக்கத்துல ரெண்டு பேருக்குக் கேக்கட்டும்” என்றேன்.

பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய திருத்தக் கடிதத்தில் அவள் பெயரை முதலில் போடச் சொன்னேன். கலியமூர்த்தி பெயரை நானே இரண்டாவதாக எழுதினேன்.

அக்டோபர் 5, மேலத் தெரு

வத்சலாவும் நானும் காலை பஸ்ஸில் வந்தோம். புது வீட்டுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. கலியமூர்த்திக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

தகரச் சீட்டைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அழியல பாருங்க. ஆணில குத்துனா அதான்.”

நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப அங்க காத்து எறங்கலையா சார்?”

“இல்லைங்க.”

“பின்ன ஏன் அங்க மழ கம்மி?”

“தெரியலைங்க.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “தெரியலன்னு நீங்க சொல்லி இன்னைக்குத்தான் சார் கேக்குறேன்” என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, சாருக்குச் சோத்தைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

ரத்த அழுத்தம் இன்று அளக்கவில்லை. கருவியைக் கொண்டுவரவில்லை. ஒரு மாதமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது.